மங்கிய வெளிச்சத்துக்கு ஒரு கேமரா

திருச்சுழி
12.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதிகா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோயில் வரை நடந்து போய் வருகிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு இருமல் விட்டதா? பனி நேரம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுங்கள்.

போன வாரம் ஜெயிலில் மனு போட்டு உங்களைப் பார்க்க வந்தபோதே இதைச் சொல்ல நினைத்தேன். அந்தக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நாற்பது பேர் கத்துகிற சத்தத்தில், நீங்கள் "என்ன?" என்று கேட்கவும் நான் "அம்மா நல்லாருக்கு" என்று சொல்லவுமே நேரம் சரியாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

மதுரையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தார் என் படங்களைப் பார்த்துவிட்டு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தென்மாவட்ட ஊர்களையெல்லாம் சுற்றிப் படம் எடுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. விடிகிற நேரமும் மசங்குகிற நேரமும்தான் வேண்டுமாம். கோயில் மண்டபத்துக்கு உள்ளே, தீப்பந்த வெளிச்சத்தில் சாமி புறப்பாடு, கண்மாய்க் கரையில் ஆடு திரும்புகிற பொழுது, இப்படி. ஃபிளாஷ் போடவே கூடாது. பஸ்ஸில்தான் போக வேண்டும், கேமரா என்னுடையதாக இருக்க வேண்டும்.

நீங்கள் நடத்திய ஸ்டூடியோவில் மிஞ்சிய பழைய கேமராவில் எடுத்துப் பார்த்தேன். மண்டபத்துத் தூணெல்லாம் சொறி பிடித்த மாதிரி புள்ளி புள்ளியாக விழுகிறது. கடையில் கேட்டால் மெகாபிக்சலைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். எதை வாங்கட்டும்?

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் தங்கை
ஜோதிகா

---

மத்திய சிறை
27.1.2025

ஜோதிக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் போய்விட்டது. இப்போது இங்கே ரொட்டி அடுப்பில் வேலை என்பதால் குளிரும் தெரிவதில்லை. அம்மாவைப் படியேற விடாதே.

நான் உள்ளே வந்து பங்குனியோடு மூன்று வருடம். இன்றைக்குச் சந்தையில் என்ன மாடல் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆனால் வெளிச்சம் மாறாது, அதனால் இதைக் கேட்டுக்கொள். மெகாபிக்சலை மற. உள்ளே இருக்கும் சென்சார் எவ்வளவு பெரியது என்று கேள். பெரிய சட்டியில் அதிக மழை பிடிக்கும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம் லென்ஸ். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கிற ஜூம் லென்ஸ் இருட்டில் குருடு. எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும், 1.8 அல்லது அதற்கும் கீழே உள்ள, ஜூம் இல்லாத ஒற்றை லென்ஸாக வாங்கு, 35 எம்.எம். போதும். பாடி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, லென்ஸில் மிச்சம் பிடிக்காதே. இருட்டுக்காக ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றி ஒரு மனித முகத்தை எடுத்துப் பார். முகம் முகமாகத் தெரிந்தால் வாங்கு.

இன்னொன்று. கேமராவில் கண்ணை வைத்தால் அந்தச் சதுரத்துக்கு வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாது. பந்தல்குடி பக்கம் பங்குனிப் பொங்கலில் நான் முளைப்பாரியை எடுத்துக்கொண்டிருந்தேன். சதுரத்தின் ஓரத்தில் லாரிக்காரன் பால்ச்சாமி தன் மனைவி வெள்ளைத்தாயின் முடியைப் பிடித்து லாரி டயரில் மோதிக்கொண்டிருந்தான். நான் கேமராவை இறக்கவும் இல்லை, போய்த் தடுக்கவும் இல்லை. எடுத்துக்கொண்டே இருந்தேன். அவன் பார்த்துவிட்டான். கேமராவைப் பிடுங்கித் தரையில் அடித்தான், அப்புறம் என் முகத்தில் அடித்தான். நான் லைட் ஸ்டாண்டைக் கழற்றினேன். முதல் அடியிலேயே அவன் விழுந்துவிட்டான். நான் நிறுத்தவில்லை, ஜோதி. இதை உனக்கு நான் சொன்னதில்லை. கடைசி அடி விழுந்தபோது இரும்பு எலும்பில் படவில்லை. அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

வெள்ளைத்தாய் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, "எங்க வீட்டுக்காரர் என்னைக் கைநீட்டி அடிச்சதே இல்லை" என்றாள். அவன் செத்ததற்கு எனக்குப் பத்து வருடம் கிடைத்தது. அது இருக்கட்டும். தீர்ப்பு அன்று பால்ச்சாமியின் தம்பி சங்கையா கோர்ட்டு வாசலில் என்ன சொன்னான் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "நீ உள்ள இருலே. வெளிய இருக்கிறவளை நான் பாத்துக்கிறேன்." அவன் தொந்தரவு ஏதும் உண்டா? மறைக்காமல் எழுது.

அண்ணன்
உதயகுமார்

---

திருச்சுழி
16.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். ரொட்டி அடுப்புப் பக்கம் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருங்கள்.

நீங்கள் எழுதியதைக் கடைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அதற்கப்புறம் மெகாபிக்சல் பேச்சை எடுக்கவில்லை. இப்போது இரண்டு கேமராவில் வந்து நிற்கிறேன். ஒன்று பெரிய சென்சார், ஒருவர் உபயோகித்தது. இருட்டில் அருமையாக இருக்கிறது, ஆனால் லென்ஸோடு தூக்கினால் தோள் இறங்குகிறது. இன்னொன்று அதைவிடச் சின்ன சென்சார். கை நடுங்கினாலும் உள்ளேயே தாங்கிக்கொள்ளும் வசதி உண்டு, கைப்பைக்குள் அடங்கிவிடும்.

சின்னதை வாடகைக்கு எடுத்துத் திருமேனிநாதர் கோயில் மண்டபத்தில் சோதித்தேன். தூணிலுள்ள சிற்பம் கண்ணாடி மாதிரி விழுந்தது. ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார், அவர் வாய் மட்டும் கலங்கிவிட்டது. ஆடாத கல்லுக்கு அது சரி, ஆடுகிற மனிதனுக்குப் பெரியதுதான் வேண்டும் போலிருக்கிறது. அடுத்த முறை பெரியதை வாடகைக்கு எடுத்துக் கண்மாய்க் கரையில் ஆடு திரும்பும்போது பார்க்கப்போகிறேன்.

நீங்கள் கேட்ட மற்றதற்கு: ஒன்றும் இல்லை. அம்மா இப்போதெல்லாம் வாசல் விளக்கை அணைப்பதில்லை. வயதாகிறதல்லவா. என் வண்டிச் சீட்டை ஏதோ நாய் கிழித்துவிட்டது, மாற்றிவிட்டேன்.

ஜோதிகா

---

மத்திய சிறை
2.3.2025

ஜோதிக்கு,

நான் நலம். அம்மாவுக்கு என் வணக்கம்.

பெரியதையே வாங்கு. தோள் வலி பழகிவிடும். கலங்கிய முகத்தை அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

நாய் வண்டிச் சீட்டைக் கிழிக்காது. அது எத்தனை அங்குலக் கிழிசல் என்று எழுது. தனியாகக் கண்மாய்க்குப் போகாதே. மூன்று வருடம் முடிந்ததும் சில நாள் வீட்டுக்கு வந்து போக லீவுக்கு மனுப் போடலாம் என்கிறார்கள், போடப்போகிறேன். அதுவரைக்கும் மண்டபத்துக்குள்ளேயே எடு.

உதயகுமார்

---

மத்திய சிறை
20.4.2025

ஜோதிக்கு,

நலமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு தடவை மனு பார்க்கிற நாளில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். என் பெயரைக் கூப்பிடவில்லை. போனில் அம்மா, "அவ வேலையா வெளியூர் போயிருக்காப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள். வெளியூர் போனதற்கு யாராவது அழுவார்களா?

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை ஒருத்தன் தேய்த்துக் கூராக்கிய கரண்டியால் கழுத்தில் குத்தினான். ஒரு துண்டுக்காக நடந்த சண்டை. ரத்தம் என் தட்டில் தெறித்தது. நான் எழுந்திருக்கவில்லை. சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன். மூன்று வருடத்தில் இப்படி ஆகியிருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது. கேமரா வாங்கினாயா?

அண்ணன்

---

திருச்சுழி
5.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நலம். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். வண்டியிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், இடது கையால் எழுதுகிறேன். அதனால்தான் தாமதம். மனு பார்க்கவும் வர முடியவில்லை.

கேமரா இன்னும் வாங்கவில்லை. என் தோழி பௌசியா ஒரு சந்தேகம் கேட்டாள். அவளுக்கு இடது கைப் பழக்கம். பட்டன் எல்லாம் வலது பக்கமே இருக்கிறதே, இடது கையால் மட்டும் எடுக்கிற மாதிரி கேமரா உண்டா? மங்கிய வெளிச்சத்தில் ஒரே கையால் ஆடாமல் பிடிக்க முடியுமா? கோயில்களில் ஸ்டாண்டு வைக்க விட மாட்டார்கள். தெரிந்தால் எழுதுங்கள்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

ஜோதிகா

---

மத்திய சிறை
18.5.2025

ஜோதிக்கு,

நான் நலம். கட்டுப் பிரித்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடு.

பௌசியாவுக்குச் சொல்: இடது கைக்கென்று எந்தக் கம்பெனியும் கேமரா செய்து நான் பார்த்ததில்லை. வழி இருக்கிறது. சில பேர் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுப்பார்கள், படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். திரையைத் தொட்டால் எடுக்கிற மாடல் இருக்கிறது, ஆனால் நீட்டிய கையில் அது ஆடும், இருட்டில் உதவாது. அதைவிட நல்லது, வீடியோ எடுக்கிறவர்கள் கேமராவுக்கு அடியில் திருகி மாட்டுகிற கைப்பிடி. அதிலேயே பட்டன் இருக்கும், எந்தக் கையிலும் பிடிக்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு அழுத்தச் சொல். அவளுக்குப் பெரிய கேமரா வேண்டாம். கனம் தாங்காது. உள்ளேயே நடுக்கத்தைத் தாங்கும் சின்னதுதான் சரி.

இடது கைப் பழக்கம் உள்ளவள் இத்தனை வருடம் ஸ்டூடியோவுக்கு வந்தபோது வலது கையால்தான் டீ குடித்தாள் என்று எனக்கு ஞாபகம்.

எங்கே விழுந்தாய்? எந்த ரோட்டில்? யார் தூக்கினார்கள்? லீவு மனு மேலே போயிருக்கிறது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்.

அண்ணன்

---

பந்தல்குடி
10.6.2025

உதயகுமார் அவர்களுக்கு,

பால்ச்சாமி மனைவி வெள்ளைத்தாய் எழுதுவது. நலம் கேட்டு எழுதும் உறவு நமக்குள் இல்லை. ஆனாலும் உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் தங்கை சொல்ல வேண்டாம் என்றாள். உங்கள் அம்மா சொல்லியாக வேண்டும் என்கிறார்கள். கேட்டவர்கள் சொல்வதைவிடப் பார்த்தவள் சொல்வதே சரி என்று நானே எழுதுகிறேன்.

மாசி மாதம் இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் சங்கையா பட்டறையிலிருந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டு வந்தான். "எங்கலே போற?" என்று கேட்டேன். "போட்டோ எடுக்கப் போறேன் மதினி" என்று சிரித்தான். எனக்கு விளங்கிவிட்டது. டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவன் பைக்குக்கு என் வண்டி ஈடு கொடுக்கவில்லை, கண்மாய்ப் பக்கம் திரும்பியது மட்டும் கண்ணில் பட்டது.

திருச்சுழிக் கண்மாயில் நான் கரை ஏறும்போது உங்கள் தங்கை குனிந்து கேமராவில் கண்ணை வைத்திருந்தாள். பின்னால் அவன் ஓங்கிவிட்டான். நான் கத்தினேன். அவள் கேமராவோடு கையைத் தூக்கினாள். கழுத்துக்கு வந்தது கையில் விழுந்தது. கேமரா பிளந்துபோனது. வலது கையில் ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் போய்விட்டன. அவள் கத்தவே இல்லை. கையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் இரண்டாவது தடவை ஓங்கினான். நான் வண்டியை அவன் மேலேயே விட்டேன். கால் மாட்டி விழுந்தான், அரிவாளைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு ஓடினான்.

மசங்கிக்கொண்டு வந்தது. மண்ணில் தடவித் தடவி விரல்களைத் தேடினேன். இரண்டுதான் அகப்பட்டது. மூன்றாவதை ஆட்டுக் கூட்டம் மிதித்துவிட்டிருக்கும். இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, மறுமுனையைக் கிழித்து அவள் கையைக் கட்டி, ஆட்டுக்காரரை வண்டி ஓட்டச் சொல்லி நடுவில் அவளை உட்காரவைத்துக் கொண்டுபோனோம். மண் ஏறிவிட்டது, ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழியெல்லாம் உங்கள் தங்கை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

சங்கையாவைப் பிடித்தார்கள். இப்போது ஜாமீனில் வந்து, ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறான்.

உங்கள் கேசில் நான் பொய் சொன்னேன். அன்றைக்கு அவன் என் மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு கோர்ட்டில் எனக்கு எதிரே இருந்தான். இந்தத் தடவை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. அடித்தாலும் அவர் என் புருஷன். நீங்கள் அவரைத் தடுத்திருக்கலாம். நீங்கள் செய்தது தடுத்தது இல்லை.

வெள்ளைத்தாய்

---

மத்திய சிறை
22.6.2025

ஜோதிக்கு,

நலம். அம்மா நலமா?

வெள்ளைத்தாய் எழுதியிருந்தாள். படித்தேன்.

லீவு விசாரணைக்கு அலுவலர் வருவார். வீட்டில் ஏற்றுக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடு. ஆறு நாள் கிடைக்கும். அம்மாவிடம் கருவாட்டுக் குழம்பு கேட்டதாகச் சொல். இங்கே எல்லாரும் என்னை நல்ல பிள்ளை என்கிறார்கள். எனக்கு மனசு அமைதியாக இருக்கிறது.

அண்ணன்

---

திருச்சுழி
15.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும். இதைப் படித்த பிறகு என் மேல் கோபம் வரும், வரட்டும்.

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சங்கையா பெயர் இல்லை. கேமராவைப் பற்றியும் இல்லை. சாப்பாட்டுத் தட்டில் ரத்தம் தெறித்த கடிதத்தில்கூட "கேமரா வாங்கினாயா" என்று கேட்டவர் நீங்கள். மனசு அமைதியாக இருக்கிறது என்று எழுதியிருந்ததைப் படித்ததும்தான் நீங்கள் எதற்கு வருகிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது.

அலுவலர் வியாழக்கிழமை வந்தார். நல்ல மனிதர். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். படிவத்தை என் பக்கம் தள்ளி, "இடது கையிலயே போடுங்கம்மா, பரவாயில்லை" என்றார்.

"நான் போடலை சார்."

"ஏன்?"

"அவர் வந்தா ஒருத்தனைக் கொன்னுருவாரு."

"அப்படி உங்ககிட்டச் சொன்னாரா?"

"சொல்லலை. அதனாலதான் சொல்றேன்."

அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து வந்து, அவர் முன்னாலேயே என் கன்னத்தில் அறைந்தாள். "பெத்த பிள்ளையை வீட்டுக்கு வராதேன்னு சொல்ல நீ யாருடி?" என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்னும் என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

மறைத்தது என் தப்பு. கேட்டுக்கொள்ளுங்கள், நானே சொல்கிறேன். கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன. தம்ளரைக் கவ்விப் பிடிக்கலாம். தலை பின்ன முடியாது. இல்லாத விரலில் அரிப்பு எடுக்கிறது. கண்மாய்ப் பக்கம் பஸ் போகும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். பௌசியா கேட்டதாக எழுதியதெல்லாம் நான் கேட்டது. அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நீங்கள் அவனைக் கொன்றால் எனக்கு விரல் முளைக்காது. நீங்கள் ஆயுசுக்கும் வர மாட்டீர்கள். நான் அம்மாவைத் தனியாகப் புதைக்க வேண்டியிருக்கும். அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜோதிகா

---

மத்திய சிறை
9.11.2025

ஜோதிக்கு,

நான்கு மாதமாக எழுதவில்லை. அதற்கப்புறம் நீ போட்ட மூன்று கடிதமும் வந்தன. இரண்டை நான் பிரிக்கவில்லை. மூன்றாவதை மட்டும் படித்தேன். சாட்சி சொல்லக் கூடாது என்று சங்கையா இரும்புக் கம்பியால் வெள்ளைத்தாயின் தோள்பட்டை எலும்பை உடைத்தது, அவன் ஜாமீன் ரத்தானது, எல்லாம் அதில் இருந்தது. எந்தச் சிறைக்கு அவனைக் கொண்டுபோனார்கள் என்று அதில் இல்லை.

இங்கேதான் கொண்டுவந்தார்கள்.

விசாரணைக் கைதிகள் இருக்கிற பக்கத்துக்கு நாங்கள்தான் ரொட்டி கொண்டுபோவோம். ஐப்பசி பிறந்து நாலாவது நாள், வரிசையில் ஆறாவது ஆளாக நின்றான். என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டான். நான் ரொட்டித் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவனிடம் போனேன். ஓடவில்லை, நடந்துதான் போனேன். அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து இரும்புக் கதவின் நிலையில் வைத்து அழுத்தினேன். வெள்ளைத்தாய் எழுதியது எனக்கு மனப்பாடம். ஆள்காட்டி, நடு, மோதிரம். ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். அவன் என்னை அடிக்கவில்லை. "எண்ணே, வேணாம்ணே" என்றான். கதவை இழுத்துச் சாத்தினேன். இரண்டு விரல் நசுங்கியது. மூன்றாவதை எப்படியோ உருவிவிட்டான். அதற்குள் வார்டர்கள் என்னைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது தனி அறையில் இருக்கிறேன். ரொட்டி வேலை போயிற்று. லீவைப் பற்றி இனி யோசிக்கவே வேண்டாம். புதிதாக ஒரு கேசு. இதையெல்லாம் அதிகாரிகள் எழுதிக்கொண்டுவிட்டார்கள், அதனால் உனக்கும் தயங்காமல் எழுதுகிறேன்.

உனக்காகச் செய்தேன், ஜோதி. செய்து முடித்ததும் தூக்கம் வரும் என்று நினைத்தேன். கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு துள்ளுகிறது. அம்மாவிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

உதயகுமார்

---

திருச்சுழி
6.12.2025

அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறேன். தனி அறையில் குளிருமே என்று அம்மா ஒரு கம்பளி வாங்கி வைத்திருக்கிறாள். நீங்கள் செய்ததை அம்மாவிடம் அப்படியே வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் பயலும் ஒருத்தி பெத்த பிள்ளைதான்" என்றாள். அடுப்படிக்குப் போய், ஜூலை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "சாப்பிட வா" என்று என்னைக் கூப்பிட்டாள்.

எனக்காகச் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று ஒரு அதிகாரி முன்னால் சொல்லி, அதற்கு அறையும் வாங்கினேன்.

நீங்கள் செய்ததற்கு நான் என்ன விலை கொடுத்தேன் தெரியுமா? கேசு நவம்பர் கடைசியில் வந்தது. சங்கையா கையில் கட்டோடு கூண்டில் நின்றான். அவனுடைய வக்கீல் அந்தக் கட்டைக் காட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார். "ரெண்டு குடும்பத்துக்கும் பகை, யாரு யாரை வெட்டுனாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார். நான் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "எனக்குத் தெரியும்" என்றேன். மற்றதையெல்லாம் வெள்ளைத்தாய் மதினிதான் பேசினாள். தோள்பட்டை எலும்பு இன்னும் சேரவில்லை, ஒரு கையால் கூண்டைப் பிடித்துக்கொண்டு அரிவாள் தீட்டியதிலிருந்து ஆரம்பித்தாள். வக்கீல் இடைமறித்தார். அவள் நிறுத்தவில்லை. "முந்தி இதே கோர்ட்ல பொய் சொன்னேன். அதுக்கும் என்னைத் தண்டிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். தீர்ப்பைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

கேமரா வாங்கிவிட்டேன். சின்னதுதான். எஃப் 1.8 லென்ஸ், அடியில் பட்டன் வைத்த கைப்பிடி. முதல் பத்து நாள் படத்தில் பாதி ஆட்டம். முழங்கையை விலாவில் ஒட்டி மூச்சை விட்டு அழுத்தினால் நிற்கிறது. மதுரைக்காரர்கள் வேலையை எனக்கே வைத்திருந்தார்கள். கார்த்திகை தீபத்தன்று மல்லாங்கிணறு போனேன். வெள்ளைத்தாய் மதினியின் வண்டியை பௌசியா ஓட்டினாள். ஒரு தெரு முழுக்க வாசலில் அகல்விளக்கு. ஒரு பெண் குனிந்து திரியைத் தூண்டும்போது அழுத்தினேன். நான் ஆடவில்லை, அவளும் ஆடவில்லை. எடுத்து முடிக்கும்வரை பௌசியாவை எனக்குப் பின்னால் திரும்பி நின்று யாரும் வருகிறார்களா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். இனி எப்போதும் அப்படித்தான் எடுப்பேன் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மனு பார்க்க வருகிறேன். உங்களைத் தனி அறையிலிருந்து விடுவார்களா என்று விசாரித்தேன், விடுவார்களாம். துப்பட்டாவுக்குள் கையை மறைத்துக்கொண்டு வர மாட்டேன். கண்ணாடியில் வைப்பேன். சத்தத்தில் ஒன்றும் கேட்காது, நீங்களும் எதுவும் பேச வேண்டாம். நன்றாகப் பாருங்கள். பார்த்து முடித்த பிறகு, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள்.

ஜோதிகா